பெல்ட் போடுவதற்குள் ஊர் வந்துடும்!

இந்தப் பக்கத்தை நீங்கள் படித்து முடிப்பதற்குள் ஒரு விமானம் கிளம்பி, பறந்து, இறங்கியே விடும். ரீல் இல்லை ஸார், நிஜம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்றொரு தீவுக்கூட்டம். அதில் வெஸ்ட்ரே ஒரு தீவு. பக்கத்திலேயே பாப்பா வெஸ்ட்ரே. (நம்ம வீட்டுப் பாப்பா இல்லை. அந்தக் காலத்தில் அங்கே இருந்த பாதிரியார்களால் வந்த பெயர்.) இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவே 2.7 கிலோமீட்டர். எடின்பரோ ஏர்போர்ட்டின் ஓடுபாதையே ஏறக்குறைய அந்த நீளம்! உலகத்திலேயே மிகக் குறைந்த தூரம் பறக்கும் ரெகுலர் சர்வீஸ் இதுதான். லோகன்ஏர் கம்பெனி 1967-ல் ஆரம்பித்தது.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்தேன். ஐலாண்டர் என்கிற அந்தக் குட்டி விமானம் மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் 40 விநாடி. டைம்டேபிளிலோ 2 நிமிஷம். எங்கே இடிக்கிறது? எழும்பி வேகம் பிடிப்பதற்குள் இறங்க வேகத்தைக் குறைத்தாக வேண்டும். முழு வேகத்துக்கு அவகாசமே இல்லை. காற்று பின்னாலிருந்து தள்ளினால் சீக்கிரம் போய்விடலாம். 53 விநாடியில் போனது ரெக்கார்டு!

உள்ளே 8 பேர்தான். அதிர்ஷ்டம் இருந்தால் பைலட்டுக்குப் பக்கத்து சீட். ஏர்ஹோஸ்டஸ் கிடையாது. (பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விடுகிறீர்கள்.) அப்படியே இருந்தாலும், ‘காபியா, டீயா?’ என்று கேட்டு முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

ஆடிட்டர் நண்பரிடம் இதைச் சொன்னேன்.

“அந்தப் பாப்பாத் தீவுல எத்தனை பேரு?”

“சுமாரா 90 பேர் ஸார்.”

“தொண்ணூறு பேருக்கு ஏரோப்ளேனா? நஷ்டத்தை யாரய்யா தாங்கறது?”

“ஆர்க்னி கவுன்சில் மானியம் கொடுக்குது.”

“தண்டச் செலவு!” தீர்ப்பு எழுதிவிட்டார்.

தண்டமா? அந்தத் தீவில் எகிப்து பிரமிடுகளுக்கும் மூத்த கல் வீடுகள் இருக்கின்றன. 5000 வருஷத்துக்கு மேல் பழசு. அதைப் பார்க்க வரும் டூரிஸ்ட்டுகளை விடுங்கள். மற்ற சீட்டுகளில் டீச்சர் வருவார், டாக்டர் வருவார், நோயாளி போவார். பெரிய ஆஸ்பத்திரி இருப்பது கிர்க்வால் டவுனில், வேறு தீவில். அங்கிருந்து வரும் விமானம்தான் டவுன் பஸ் மாதிரி வெஸ்ட்ரேயில் ஒரு ஸ்டாப்பிங் போட்டுவிட்டு, இந்த 2 நிமிஷத் தாண்டலைத் தாண்டுகிறது. இரண்டு தீவுக்கும் நடுவே படகும் உண்டு. 25 நிமிஷம் போல ஆகும். அலை மிரட்டினால் அதுவும் இல்லை. மூடுபனி இறங்கினால் விமானமும் இல்லை. அப்போதுதான் 2.7 கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஆடிட்டர் மசியவில்லை. “வெறும் மூணு கிலோமீட்டருய்யா!”

“ஸார், போன மாசம் ராத்திரி உங்கப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாரே... ஆட்டோ டிரைவர்கிட்ட என்ன கேட்டீங்க? ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்னா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆறிப்போன காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை நிமிஷம்னு கேட்டேன்” என்றார்.

அன்றைக்குக் காபிக்கு அவரே காசு கொடுத்தார். பத்து வருஷப் பழக்கத்தில் முதல் தடவை!