எரிபொருள் குறைவதைச் சொன்னார்கள்

ஒரு குழுவில் தகவல் போய்ச் சேரவில்லை என்றால், வாயைத் திறக்காதவரைத்தான் முதலில் குறை சொல்கிறோம். கேட்க வேண்டியவரின் பங்கை யாரும் விசாரிப்பதில்லை. விமானத்துறை அதை விசாரித்தது, பல உயிர்கள் போன பிறகு.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நெருங்கிய யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில், சக்கரங்களை இறக்கும்போது பலத்த சத்தம் கேட்டது. சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்ற கவலையிலேயே கேப்டன் மூழ்கிவிட்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானில் சுற்றினார்கள். எரிபொருள் கரைவது துணை விமானிக்கும் விமானப் பொறியாளருக்கும் தெரியும். அதைச் சொல்லவும் சொன்னார்கள். ஆனால் பெரும்பாலும் மிச்சம் எவ்வளவு என்றுதான் சொன்னார்கள். உடனே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம் என்று போட்டு உடைக்கவில்லை. எஞ்சின்கள் அணைந்தன. விமானத்தில் இருந்த 189 பேரில் 10 பேர் இறந்தார்கள், அந்தப் பொறியாளர் உட்பட.

விபத்தை ஆராய்ந்த பாதுகாப்பு வாரியம் இரு தரப்புக்கும் பயிற்சி வேண்டும் என்றது. கீழே இருப்பவர் தயங்காமல் அழுத்திச் சொல்லப் பழக வேண்டும். கேப்டன் பிறரையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கப் பழக வேண்டும். 1981-இல் யுனைடெட் நிறுவனமே அப்படியொரு பயிற்சியைத் தொடங்கியது. 1989-இல் அதே நிறுவனத்தின் டிசி-10 விமானம் நடுவானில் ஹைட்ராலிக் கட்டுப்பாடு முழுவதையும் இழந்தபோது, கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவரை உள்ளே அழைத்து, எஞ்சின் வேகத்தைக் கையாளும் பொறுப்பையே அவரிடம் கொடுத்தார். சூ சிட்டியில் விமானம் மோதி உடைந்தது. ஆனாலும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சியும் அதற்கு ஒரு காரணம் என்று ஹெய்ன்ஸ் பிற்பாடு சொல்லிவந்தார்.

நம் அலுவலகங்களிலும் எச்சரிக்கை இப்படித்தான் மெலிந்து வருகிறது. "சார், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று கேட்பவர் பல நேரம் சொல்ல வருவது, முடியாது என்பதைத்தான். "முடிச்சிடலாம்ப்பா" என்று மேலாளர் தைரியம் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எது இடிக்குது? என்ன வேணும்?" என்று கேட்டால் உள்ளே இருப்பது வெளியே வரும். பதவி ஒரு படி உயர உயர, இந்தக் கேள்வியைக் கேட்கும் கடமையும் கூடுகிறது என்றே நான் கருதுகிறேன்.

விமானிகளிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டுப்பாட்டு அறை ஓர் உயரத்தைச் சொன்னால், விமானி அதைத் திருப்பிச் சொல்வார். சொன்னவர் அது சரியா என்று காது கொடுத்துக் கேட்பார். அலுவலகத்திலும் கூட்டம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயனில்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள். யார், எதை, எப்போது முடிக்க வேண்டும் என்று வேலையை ஏற்றவரே சொல்லட்டும். கூட்டத்தில் மூத்தவர் கடைசியில் பேசுவது நல்லது. அவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையொட்டியே பேசுவார்கள்.

எச்சரித்தவர் சொன்னது தவறாகிப் போவதும் உண்டு. அப்போதும் எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அடுத்த முறை பேசுவதா வேண்டாமா என்று அந்த அறையில் இருக்கும் மற்றவர்கள் அப்போதுதான் முடிவு செய்துகொண்டிருப்பார்கள்.