முழுமையாகக் கேட்போம்

மாணவர்களே, 'டிரீம் தியேட்டர்' என்பது 1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தோன்றிய புரோகிரசிவ் மெட்டல் இசைக்குழு. அக்குழு ஒரே கதையைப் பன்னிரண்டு பகுதிகளில் கூறும் இசைத்தொகுப்பை 1999இல் வெளியிட்டது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று நியூயார்க் மேடையில் அதனை முதலிலிருந்து இறுதிவரை இசைத்தது. அந்நிகழ்ச்சியின் பதிவே 'லைவ் சீன்ஸ் ஃப்ரம் நியூயார்க்'. அது மூன்று குறுந்தகடுகளில் மூன்று மணி நேரத்திற்கும் மேலாக நீள்கிறது.

"பிடித்த பாடலை மட்டும் கேட்டால் போதாதா?" எனச் சிலர் வினவுவர். போதாது என்பதே என் கருத்து. நடுவில் ஓர் இயலை மட்டும் படிப்பவர் கதையை அறியார். அதுபோல, முன்னர் ஒலித்த மெட்டு பின்னர் வேறு வடிவில் திரும்பி வருவதைத் தனிப்பாடல் மட்டும் கேட்பவர் உணரார். மேலும், ஒலிப்பதிவுக் கூடத்தில் தவறினால் மீண்டும் இசைக்கலாம்; மக்கள் முன்னே மேடையில் அவ்வாய்ப்பு இல்லை. தாளம் அடிக்கடி மாறும் இவ்விசையில் கலைஞர்கள் ஒருவரையொருவர் கூர்ந்து கேட்டே முன்செல்கின்றனர். அவர்கள் அவ்வாறு கேட்கும்போது, நாமும் பொறுமையுடன் கேட்பதே முறை.

நேரம் குறைவெனில் நாளுக்கு ஒரு குறுந்தகடாகக் கேளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.