என் வரியில் நூற்றுக்கு ஒன்று

கடந்த ஜூலையில் 2023-24 கணக்கைத் தாக்கல் செய்ய, வழக்கம்போல் பைக்கட்டோடு ஆடிட்டரிடம் போயிருந்தேன். கண் சிகிச்சைக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்த 10,000 ரூபாய் ரசீதை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. "சார், நீங்க புது முறைக்கு வந்துட்டீங்க. இதுல 80ஜி கிடையாது."

2020 பட்ஜெட்டில் 'வேண்டுமானால் எடுத்துக்கொள்' என்று வந்த புதிய வரிமுறை, 2023-24 முதல் தானாகவே பொருந்துவதாகிவிட்டது. எனக்கு அதில் வரி குறைவு, மறுக்கவில்லை. பழைய முறையில் 20 சதவீத வரம்பில் இருப்பவர் 10,000 கொடுத்தால் அதில் பாதிக்குக் கழிவு. செஸ்ஸோடு சேர்த்து மிச்சமாவது 1,040 ரூபாய்தான்.

அம்மாவின் திதிக்கு அனுப்பும் பணத்தை இந்த வருடம் பாதியாக்கினேன். "ஆயிரம் ரூபாய்க்காகவா இத்தனை வருஷம் கொடுத்தீங்க?" என்று வீட்டில் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

தர்மத்துக்குத் தள்ளுபடி எதற்கு என்று நண்பர்களும் கேட்கிறார்கள். நியாயம்தான். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனாலும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டக்காரர்கள் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுக்கிறார்கள். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் போடுபவர் யாரும் 80ஜி ரசீது கேட்பதில்லை. அதனால் தள்ளுபடியைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நான் கேட்பது வேறு.

கட்டவேண்டிய வரியைக் குறையாமல் கட்டுகிறேன். அதில் நூற்றுக்கு ஒரு ரூபாய் எந்தப் பொதுக் காரியத்துக்குப் போகவேண்டும் என்று நான் சொல்கிறேன். ஹங்கேரியில் 1990களிலிருந்தே இப்படி ஒரு சதவீதம் உண்டு. இத்தாலியில் ஆயிரத்துக்கு ஐந்து என்று 2006-இல் கொண்டுவந்தார்கள். வரி கட்டுபவருக்குக் கூடுதல் செலவு கிடையாது.

நமக்கும் இது புதிதல்ல. 1997-98-இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர்க்காரர்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போட்டது. எந்த வேலை என்பதை ஊர் சொல்லும். அரசுப் பணம் பின்னால் வரும். 2011-இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது, 2021-இல் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. எந்த ஆட்சியும் அதன் அடிப்படையைத் தவறு என்று சொல்லவில்லை. பெரிய கம்பெனிகளுக்கும் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சட்டம் இருக்கிறது. எங்கே செலவிடுவது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். முப்பது வருடம் சம்பளத்திலேயே வரி பிடித்துக் கொடுத்த குமாஸ்தாவுக்கு மட்டும் அந்தப் பேச்சுரிமை இல்லையா?

எல்லோரும் கோயிலுக்கும் கண் மருத்துவத்துக்கும்தான் கொடுப்பார்கள், பாம்புக்கடி வார்டை யார் நினைப்பார்கள் என்று ஒருவர் மடக்கினார். மீதி 99 ரூபாய் அரசாங்கத்திடம்தானே இருக்கிறது, வார்டை அது பார்க்கட்டும் என்றேன்.

போலி அறக்கட்டளை பயம் எனக்கும் உண்டு. ஆனால் 2021-22 முதல், 80ஜி பதிவுள்ள அறக்கட்டளைகள் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வருமான வரித்துறைக்கு 10பிடி படிவத்தில் கணக்குக் கொடுத்தாக வேண்டும். பட்டியல் அவர்கள் கையிலேயே இருக்கிறது. ரிட்டர்ன் படிவத்தில் இத்தனை கட்டங்கள் வைத்தவர்கள், அந்தப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இன்னும் ஒரு கட்டம் வைக்கட்டும்.

திதிக்கு நிறுத்திய மீதி ஐயாயிரத்தை நேற்று அனுப்பிவிட்டேன். ரசீது வரும். அதை ஆடிட்டரிடம் கொண்டுபோக மாட்டேன்.