சோம்பேறி என்கிறார்களே!

"காய்ச்சல் விட்டு நாலு நாளாச்சு, இன்னும் என்ன படுக்கை?" என்று அதட்டுகிறார் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக் கங்காணி. "பேய் அடிச்சிருக்குமோ?" என்று பதறுகிறார் கீழே போடிநாயக்கனூர்த் தெருவிலே பாட்டி. சோம்பல் என்பது ஒருவர் தீர்ப்பு. பேய் என்பது மற்றவர் தீர்ப்பு. படுத்துக் கிடப்பவரின் மூளைக்குள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டவர் யார்?

கேட்கிறார்கள், தோழர்களே! உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இளைஞர்கள் டாக்டர் பட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் இதையே ஆராய்கிறார்கள். உடம்பிலே மூண்ட அழற்சி மூளையை எப்படித் தாக்குகிறது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். படித்தவர் சங்கதி, பாட்டாளிக்கு எதற்கு என்று ஏட்டை மூடிவிடாதீர்கள். அது நம் வீட்டுச் சங்கதி!

அழற்சி என்பது யாது? அரிவாள் பட்ட விரல் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. அதுதான் அழற்சி, உடம்பு நடத்தும் தற்காப்புப் போர். அந்தப் போரிலே வெள்ளணுக்கள் சைட்டோகைன் எனும் தூதர்களை ஏவுகின்றன. இரத்தத்தின் வழியாகவும், வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகவும் செய்தி மூளைக்கு எட்டுகிறது. அங்கே காவல் இருக்கும் அணுக்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். 1919-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரியோ ஓர்ட்டேகா அடையாளம் காட்டியவை. செய்தி கேட்டு அவை விழிக்கின்றன. பசி போகிறது, ஊக்கம் வற்றுகிறது, உள்ளம் இருள்கிறது.

நோயுற்ற விலங்கு சுருண்டு படுப்பது, போருக்காகச் சக்தியைச் சேமிக்கும் ஏற்பாடு என்று 1988-இல் எழுதினார் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவ அறிஞர். ஆடு படுத்தால் தடவிக் கொடுக்கிறோம். ஆள் படுத்தால் சோம்பேறி என்கிறோம்! மஞ்சள்காமாலைக் கிருமிக்காக இன்டர்பெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர், முன்பு மனச்சோர்வே அறியாதவர்கள், ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். அந்த ஊசி, அழற்சிப் போரின் தூதுப் பொருளேதான். இதைவிடச் சான்று வேண்டுமா?

எல்லாத் துயரமும் அழற்சியால் வருவது என்று சொல்லவில்லை நாம். கடனும் பசியும் போதும் ஒருவனை வாட்ட. ஆனால் காய்ச்சலுக்குப் பின்வரும் சோர்வுக்கு உடம்பிலேயே காரணம் உண்டு என்கிறோம்.

காரணம் அறியாவிட்டால் உயிரே போகும். புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது ஸ்கிரப் டைபஸ். டைபஸ் என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்குப் புகை என்றும் மயக்கம் என்றும் பொருள். முற்றினால் அழற்சி மூளையையும் பற்றும், நோயாளி பிதற்றுவார். அப்போது வேப்பிலை தேடினால் வீடு சுடுகாடு ஆகும். உடம்பிலே பீடி சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினால் டாக்சிசைக்கிளின் காப்பாற்றும். நோய் கடுமையானால் அதனோடு அசித்ரோமைசினும் சேர்வது மேலும் நல்லது என்று 2023-இல் நிலைநாட்டியது, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு. தமிழ் மண்ணில் பிறந்த அறிவு அது!

நோயுற்ற தோட்டத் தொழிலாளிக்கு உதவித்தொகை உண்டு என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்தது. விடியற்காலையில் ஜீப்பிலே நெருக்கியடித்து மலையேறி, அந்தியிலே இறங்கும் அன்றாடக் கூலிக்கு அது எட்டியதா? காய்ச்சல் விட்ட மறுநாளே காய் பறிக்க ஓடுகிறாள் தாய். ஓய்ந்தால் உலை கொதிக்காது என்பதால்!

ஆகவே கேட்கிறோம்: காய்ச்சலுக்குப் பின் கூலியோடு ஓய்வு வேண்டும். ஆராய்ச்சி மலையேற வேண்டும். அதன் முடிவு தமிழிலே மலையிறங்க வேண்டும். நாளை அந்த ஆய்வுக்கூடத்தில் அமரும் டாக்டர், ஏலக்காய் பறித்தவள் பெற்ற பிள்ளையாக இருக்கவேண்டும்.

அதுவரை, படுத்திருக்கும் தோழனைச் சோம்பேறி என்பவரிடம் சொல்லுங்கள்: அவன் உறங்கவில்லை ஐயா, உள்ளே போர் நடக்கிறது!