முதல்ல ஓடுபாதை, பிறகு கிராபிக்ஸ் கார்ட்

சீனக்குடா விமான நிலையம் திருகோணமலை ரவுணிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் எங்கள் ஐந்து பேரில் ஒருத்தரும் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. அது விமானப்படையின் தளம். வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு, ஒண்டு எழும்புறதையும் ஒண்டு இறங்குறதையும் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். அதனால், விமானம் ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டருக்காக ஒரு கொம்பியூட்டர் கட்டுவம் எண்டு முடிவெடுத்தபோது எங்களுக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. சீனக்குடாவில் எழும்பி, எங்கட ஊரை மேலிருந்து ஒருக்காப் பார்க்கவேணும்.

"கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" எண்ட கேள்வி வீட்டிலும் வந்தது, கம்பஸிலும் வந்தது. அதுக்குப் பதில் சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. கையில் கொஞ்சக் காசோட இதே ஆசையில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல ஒரு விசயம் இருக்கு. பாகங்களை வாங்க முதல், எதை ஓட்டப் போறியள் எண்டு முடிவெடுங்கோ. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்து காசை விட்ட ஆக்கள்.

டியூசன் எடுத்த காசு, ஒருத்தியின் மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பின காசு எல்லாம் சேர்த்து ஒன்றரை இலட்சம் ரூபா எங்களிடம் இருந்தது. முதல் வேலையாக ஓடிப்போய், பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒண்டை வாங்கினோம். பெரிய கார்ட், இரண்டு காற்றாடி. பிறகு, ஒரு அலுவலகம் கழிச்சுவிட்ட சின்னப் பெட்டிக் கொம்பியூட்டர் மலிவாகக் கிடைச்சது. கொண்டுவந்து திறந்து பார்த்தால் கார்ட் பெட்டிக்குள் போகவில்லை. போயிருந்தாலும் பிரயோசனமில்லை, அதுக்குத் தேவையான தனி மின்வயர் அந்தப் பவர் சப்ளையில் இல்லவே இல்லை. கார்டை நட்டத்துக்கு வித்தோம்.

அப்பதான் உட்கார்ந்து யோசிச்சோம். எங்களுக்கு எந்த சிமுலேட்டர் வேணும்?

எல்லாரும் முதல்ல ஆசைப்படுறது மைக்ரோசொப்டின்ர பிளைட் சிமுலேட்டருக்குத்தான். 2024 நவம்பரில் வந்த பதிப்புக்கு ஆகக் குறைந்தது 16 ஜிபி ரேம் வேணும், 32 ஜிபி இருந்தால் நல்லம் எண்டு அவையே சொல்லுகினம். கார்டும் குறைந்தது ஜிடிஎக்ஸ் 970 அளவில் இருக்கவேணும். இதையெல்லாம் எப்படியோ தேடி எடுத்தாலும் இன்னொண்டு இருக்கு. பறக்கப் பறக்க அது நிலப்படத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகக் குறைந்தது 10 எம்பிபிஎஸ், பரிந்துரை 50. போன் டேட்டாவை ஹொட்ஸ்பொட் போட்டுப் படிக்கிற எங்களுக்கு, கொம்பியூட்டர் வாங்கின பிறகும் மாதாமாதம் செலவு வைக்கிற விளையாட்டு அது.

மற்றப் பக்கம் பிளைட்கியர் இருக்கு. 1997இலிருந்து தன்னார்வலர்கள் கூடிக் கட்டுகிற திறந்தமூல மென்பொருள், சதமும் செலவில்லை. தேவையான பகுதியின் நிலத்தோற்றத்தை ஒருக்கா இறக்கி வைச்சால் இணையம் இல்லாமலும் பறக்கலாம். படம் மைக்ரோசொப்டினதைப் போல் மினுங்காது, உண்மைதான். ஆனால் செஸ்னா 172 ஒண்டை எழுப்பவும் திருப்பவும் இறக்கவும் அதில் ஒழுங்காகப் படிக்கலாம். நாங்கள் அதைத் தெரிவு செய்தோம். அந்தத் தெரிவுக்குப் பிறகு பாகங்களின் பட்டியல் தானாகவே சுருங்கிவிட்டது.

இனிப் பாகங்கள். சிமுலேட்டரில் கன வேலை ப்ரொசெசரின் ஒரே கோர் மேலதான் விழும். அதனால் எத்தனை கோர் எண்டு எண்ணுறதை விட, ஒரு கோர் எவ்வளவு வேகம் எண்டு பாருங்கோ. அலுவலகங்கள் கழிச்சுவிடுகிற எட்டாம் தலைமுறை ஐ5 மெசின் தாராளமாகப் போதும். புதுசாகத்தான் கட்டவேணும் எண்டால் ரைசன் 5 5600ஜி போல, கிராபிக்ஸ் உள்ளுக்கே இருக்கிற ப்ரொசெசரை வாங்கலாம். கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரேமை 16 ஜிபி ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கோ. இரண்டு வழியால் தரவு போய்வரும். உள்ளுக்கே கிராபிக்ஸ் இருக்கிற ப்ரொசெசருக்கு இது இன்னும் முக்கியம், ஏனெண்டால் அது ரேமில் இருந்துதான் பங்கு எடுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி ஒரு எஸ்எஸ்டி போடுங்கோ. நாங்கள் செலவழிச்ச காசில், போட்ட அண்டைக்கே வித்தியாசம் தெரிஞ்சது இதில்தான்.

கார்ட் கடைசி. மதர்போர்டில் கார்ட் செருகுகிற இடம் 75 வாட் வரைக்கும்தான் மின்சாரம் தரும். அதுக்குள் அடங்குகிற கார்டுகள் இருக்கு. ஜிடிஎக்ஸ் 1650 இன் பல மொடல்களுக்குத் தனி மின்வயர் தேவையில்லை, சின்னப் பெட்டிக்குள் போகிற கட்டை மொடலும் உண்டு. பெட்டியின் நீள உயரத்தை அடிமட்டத்தால் அளந்துபோட்டுக் கடைக்குப் போங்கோ. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் நிண்டுபோக, இரவுபகலாக ஓடின கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சாமான் சந்தைக்கு வந்தது. அதனால் பழைய கார்ட் எண்டால் அரை மணித்தியாலமாவது ஓடவிட்டுப் பார்க்காமல் காசு குடுக்காதையுங்கோ. சுடுற விளையாட்டுகளுக்குத்தான் 100க்கு மேல பிரேம் வேணும். ஒரு செஸ்னாவை ஓடுபாதைக்குக் கொண்டுவர 30 பிரேம் போதும்.

மிச்சக் காசுக்கு ஜொய்ஸ்டிக் ஒண்டு, பிடியைத் திருகினால் வால் சுக்கான் திரும்புகிற வகை. காலால் மிதிக்கிற பெடல் வாங்குகிற செலவு மிச்சம்.

வெளிநாட்டு யூடியூப்காரர் சொல்லாத இரண்டு விசயம் எங்கட ஊருக்கு இருக்கு. ஒண்டு உப்புக் காத்து. பழைய மதர்போர்டையோ கார்டையோ வாங்க முதல், உலோக முனைகளில் பச்சையோ துருவோ இருக்குதா எண்டு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. மற்றது கரண்ட். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினதை மறந்திருக்கமாட்டியள். இப்ப அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் ஒரு கண் சிமிட்டல் போதும், மெசின் அணைஞ்சுபோகும். சின்ன யூபிஎஸ் பத்து நிமிசம் தாங்கினால் விமானத்தை இறக்கிப்போட்டு ஒழுங்காக நிப்பாட்டலாம். கண்ணாடிப் பெட்டிக்கும் கலர் லைட்டுக்கும் போகிற காசை இதுக்குப் போடுங்கோ.

"அவசரப்படாமல் காசு சேர்த்து, ஒரேயடியாக நல்லதாக வாங்கலாமே?" எண்டு ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360ஐத் தாண்டினதைப் பார்த்த ஆக்கள் நாங்கள். இந்தச் சாமான் எல்லாம் இறக்குமதி. சேர்த்து வைச்ச காசு, சேர்ந்து முடியிறதுக்குள்ளயே கரைஞ்சுபோனது. இண்டைக்கு இருக்கிறதைக் கொண்டு தொடங்கி, பிறகு ஒவ்வொண்டாக மாற்றுகிறதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகுது. லப்டொப் வேண்டாம் எண்டு சொல்லுறதும் அதால்தான். அதில் நினைச்சபடி ஒரு பாகத்தை மாற்றேலாது.

கடைசியில் அந்த நாள் வந்தது. சீனக்குடா, ஓடுபாதை 06. 06 எண்டால் திசைகாட்டியில் ஏறத்தாழ 60 பாகை. அதிலிருந்து எழும்பி நேராகப் போனால் உள்துறைமுகத்துக்கு மேலால் கோணேசர் கோயில் பக்கம்தான் போவம். ஐந்து பேரும் ஒரு திரைக்கு முன்னால் மூச்சுவிடாமல் இருந்தோம். குடா தெரிஞ்சது, கரை தெரிஞ்சது, சுவாமிமலை ஒரு மேடாகத் தெரிஞ்சது. கோயில் இல்லை. ரவுண் இருக்கிற இடத்தில் சும்மா பச்சையும் மண்ணிறமும்.

எங்களில் ஒருத்தி, "நல்ல கார்ட் இருந்தால் தெரிஞ்சிருக்குமோ?" எண்டு கேட்டாள். இல்லை. எந்த விலைக் கார்ட் போட்டாலும், தரவில் இல்லாத ஊரைத் திரையில் காட்டேலாது. பிளைட்கியருக்கும் எக்ஸ்-பிளேனுக்கும் வீதி, கட்டடம் எல்லாம் பெரும்பாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் இருந்துதான் போகுது. அது ஆரும் திருத்தக்கூடிய இலவச வரைபடம். 2020இல் மைக்ரோசொப்ட் சிமுலேட்டர் வந்த புதுசில், மெல்பேர்ன் புறநகர் ஒண்டில் 212 மாடிக் கோபுரம் தனியாக நிண்டது. அந்த வரைபடத்தில் ஒருத்தர் 2 மாடி எண்டு போடவேண்டிய இடத்தில் 212 எண்டு தட்டினதுதான் காரணம். ஒரு ஆளின்ர விரல் தவறி இல்லாத கோபுரம் எழும்புமெண்டால், நாங்கள் உட்கார்ந்து போட்டால் இருக்கிற கோயிலும் பள்ளியும் வாசிகசாலையும் ஏன் எழும்பாது?

அதனால் இப்ப நாங்கள் கார்டை மாற்றுகிற கதையைத் தள்ளி வைச்சிருக்கிறம். ஞாயிற்றுக்கிழமைகளில் மடத்தடிச் சந்தியிலிருந்து தொடங்கி, ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து கட்டடங்களைக் குறிக்கிறம். போட்டது சிமுலேட்டருக்குள் வர மாதக்கணக்கும் ஆகலாம், பரவாயில்லை. இதுக்குப் பழைய போன் ஒண்டு போதும். உப்புவெளி, கிண்ணியா, மூதூர் பக்கம் இருக்கிற ஆக்கள் உங்கட ஒழுங்கையை நீங்கள் போடுங்கோ. எங்கட ஆக்களுக்கு அந்தப் பக்கத்து வீட்டு இலக்கங்கள் தெரியாது.