கணவாய் வென்றுவிட்டதா?

கடல் சூடேறினால் பவளம் வெளுக்கும், மீன் இடம்பெயரும். கணவாய்க்கு மட்டும் கொண்டாட்டம் என்றொரு பேச்சு பத்தாண்டாக உலவுகிறது. 2016இல் அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் சோயி டபிள்டேயும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வுதான் அதற்கு அடித்தளம். 1953 முதல் 2013 வரையான விவரங்களைத் தொகுத்துப் பார்த்ததில் ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் எனப்படும் ஆக்டோபஸ் எல்லாமே பெருகியிருந்தன.

ஆய்வில் குறையில்லை. அதை வெற்றிச் செய்தியாக வாசித்ததுதான் அவசரம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் ஓரிரு ஆண்டு. ஒருமுறை இனம் பெருக்கிவிட்டுச் செத்துப்போகும். நல்ல ஆண்டு வாய்த்தால் மளமளவென்று பெருகுவது இதனால்தான். ஆனால் ஓர் ஆண்டு பொய்த்தால் ஈடுகட்ட, மூத்த தலைமுறை என்று ஒன்று கடலில் இருக்காது.

மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் ஹம்போல்ட் கணவாய் கைகளையும் சேர்த்தால் ஆள் உயரம் வளரும். நல்ல ஆண்டுகளில் பிடிப்பு 1 லட்சம் டன்னைத் தாண்டியது. சாந்தா ரோசாலியா ஊர் அதை நம்பிப் பிழைத்தது. 2009-10 எல் நினோவில் நீர் சூடாகி இரை குறைந்தது. கணவாய் அழியவில்லை, உருவத்தைச் சுருக்கிக்கொண்டது. ஓராண்டுக்கு மேல் வளர்ந்து முதிரவேண்டியது, ஆறே மாதத்தில் குட்டி உடலோடு முட்டையிடத் தயாரானது. உயிரியலாளருக்கு இது அபாரமான சாமர்த்தியம். மீனவருக்கோ விலைபோகாத சரக்கு. சில ஆண்டுகளில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது.

ஜப்பானில் இன்னும் மோசம். 2011இல் 2 லட்சம் டன்னுக்கு மேல் கிடைத்த சுருமேயிகா கணவாய், 2023இல் ஏறத்தாழ 20 ஆயிரம் டன்னுக்கு இறங்கியது. முட்டையிடும் பகுதிகளில் நீரின் வெப்பம் மாறியது ஒரு காரணம்; அண்டை நாடுகள் போட்டிபோட்டு அள்ளியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையில், 2025இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் ஆக்டோபஸ் குவிந்தது. பிரிக்ஸம் துறைமுகத்தில் அதைப் பிடித்தவருக்கு நல்ல காசு. நண்டுக்கூடு போட்டவருக்கு வெறும் ஓடு. 1900, 1950 வாக்கிலும் அங்கே இப்படிப் பெருகி, பிறகு காணாமல் போனது பதிவில் இருக்கிறது. இதை நம்பிக் கடன்வாங்கிப் படகை மாற்றுவது சூதாட்டம்தான்.

கணவாயின் வேகத்துக்கு நிர்வாகமும் ஓடவேண்டும். ஃபாக்லாந்து தீவுகள் அதற்கு முயல்கின்றன. அரசு வருமானத்தில் கணவாய் உரிமக் கட்டணம் பெரும்பங்கு. இருந்தும் பருவத்துக்கு முன் கடலை அளந்து பார்த்தே அனுமதி தருகிறார்கள். 2024இல் கணக்கெடுப்பில் இருப்பு குறைவாகத் தெரிந்ததும், இரண்டாம் பருவத்தைத் திறக்கவே இல்லை.