குதிரைக்கு வயதாகிறது

1964-ஆம் வருஷம் அமெரிக்காவில் 'போர்டு முஸ்டாங்' என்னும் இரண்டு கதவு மோட்டார் அவதரித்தது. நமது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அதே வருஷத்துக் குழந்தைதான். பேட்டைக்கு வயதானால் யாரும் அபராதம் கேட்பதில்லை. மோட்டாருக்குத்தான் அந்த வம்பு!

வலப்பக்கம் சுக்கான் வைத்த முஸ்டாங் 2016-இல் நம் தேசத்தில் விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு சிறு சாமான் தேய்ந்தாலும் கடல் கடந்து வரவேண்டும். அல்லது அம்பத்தூர் லேத்துப் பட்டறையில் அதே அளவில் கடைந்துகொள்ள வேண்டும். பட்டறைக்காரரின் கைத்திறனில் நமக்கு நம்பிக்கை அதிகம்.

சர்க்கார் விஷயந்தான் வேறு. சொந்த மோட்டாரின் பதிவு 15 வருஷம் செல்லும். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. அந்நிய நாட்டு இறக்குமதியானால் 40,000! புகையையும் பிரேக்கையும் பார்த்துக் கட்டணம் விதித்தால் நியாயம். ஜாதகத்தைப் பார்த்து விதிப்பானேன்?

வேடிக்கை என்னவென்றால், 50 வயது தாண்டியும் அசல் உருக் குலையாதிருந்தால், 2021-ஆம் வருஷத்து விதிப்படி அதே கிழ வண்டிக்கு 'வின்டேஜ்' பட்டம் கிடைக்கும். ஆனால் கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்த்தல் முதலிய சில காரியங்களுக்குத் தவிர தெருவில் இறங்கக் கூடாது. 2016-இல் பதிவான வண்டி இந்தக் கௌரவத்தை அடைய 2066 வரையில் காத்திருக்க வேண்டும். அதுவரை லேத்துப் பட்டறைதான் கதி.